காலமறியும் கூகை

சித்திரைத் திங்களில் திருவரங்கத்தில் தேரோட்டம் நிகழும். ஸ்ரீரங்கம் என மக்கள் வழங்கும் அவ்வூருக்குச் சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களினின்றும் முதல் நாளே உழவர் குடும்பங்கள் வந்து குழுமும். விடியற்காலையில் தேர் தன் நிலையில் நிற்கும். சக்கரங்களை முட்டுக்கட்டைகள் தடுத்து நிற்கும். நீண்ட வடங்களைப் பல்லாயிரவர் பற்றி நிற்பர். அவர்களுள் ஒருவர் இழுத்து ஓய்ந்தபின் அடுத்தவர் இழுத்து, அவர் ஓய்ந்தபின் மற்றொருவர் இழுப்பாராயின், பொழுது சாயும்வரை இழுத்தாலும் தேர் ஓர் அங்குலமும் பெயராது. குரல் எழுந்த கணத்தில் அத்தனை கைகளும் ஒருங்கே இழுக்கும்போதுதான் அந்த மலை போன்ற தேர் முனகிக்கொண்டு அசைந்து கொடுக்கிறது.

மனித மூளைக்குள்ளும் இத்தகைய தேரோட்டம் இடையறாது நிகழ்கிறது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவையும் பிற நரம்பணுக்களின் நுண்ணிய இழைகள் ஆயிரக்கணக்கில் வந்து தொடுகின்றன. அவ்விழைகளின் வழியே மின்துடிப்புகள் செய்திகளாக வந்து சேர்கின்றன. தனியொரு துடிப்பின் விசை மிகச் சிறிது. ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் அது தேய்ந்து மறைந்துவிடும். பல துடிப்புகள் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்து கூடினால் மட்டுமே அந்த நரம்பணு கிளர்ச்சியுற்றுத் தன் துடிப்பை அடுத்த அணுவுக்கு அனுப்பும். வடத்தைப் பற்றியவர் பலராயினும் இழுப்பு ஒருங்கு சேராவிடில் தேர் நகராதது போன்றதே இதுவும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வடத்தின் முன்முனையில் நிற்பவர் செவிக்குக் குரல் சற்றுப் பிந்தியே எட்டுகிறது. அதுபோலவே, மூளையில் சில செய்திகள் அண்மையிலிருந்தும் சில சேய்மையிலிருந்தும் வருகின்றன. அவை யாவும் ஒரே கணத்தில் வந்து சேர்வது எங்ஙனம்?

இவ்வினா எழுவதற்கே நெடுங்காலம் ஆயிற்று. நரம்பில் செய்தி செல்லும் வேகம் ஒளியின் வேகத்தை ஒத்தது என்று பண்டைய உடலியலார் பலர் எண்ணினர். பெர்லினில் ஆசிரியராயிருந்த பெரும் புலமையாளர் ஜொகானஸ் முல்லர், அவ்வேகத்தை மனிதன் என்றும் அளக்கப் போவதில்லை என்று கருதினார். அவருடைய மாணவருள் ஒருவரே அதனை அளந்துவிட்டார். 1850ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் தவளையின் கால் தசையையும் அதனோடு சேர்ந்த நரம்பையும் எடுத்துக்கொண்டு, நரம்பைத் தசைக்கு அண்மையில் ஒரு முறையும் சேய்மையில் ஒரு முறையும் தூண்டினார். சேய்மையில் தூண்டியபோது தசை சிறிது பிந்தித் துடித்தது. அந்தப் பிந்துதலிலிருந்து அவர் கணக்கிட்ட வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எண்ணத்தின் விரைவு எனப் புலவர் புகழ்ந்த ஒன்று, ஒலிக்கும் மிகப் பின்தங்கி நடப்பதாயிற்று!

இத்துணை மெதுவான நரம்புகளைக்கொண்டு மிக நுண்ணிய காலத்தை எவ்வாறு அளப்பது என்பதைத் தெளிவுறக் காட்டிய உயிர்களுள் தலைசிறந்தது ஒரு பறவை. திருவரங்கத்தாருக்கு அது புதியதன்று. பழங் கட்டடங்களின் இடுக்குகளிலும் கோபுர மாடங்களிலும் பகலெல்லாம் உறங்கி, அந்தி மயங்கியபின் ஓசையின்றிச் சிறகடித்து வயல்களை நோக்கிச் செல்லும் வெண்முகக் கூகையே அது. அதன் அலறலைத் தீய நிமித்தம் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். காவிரிப் பாசன வயல்களில் நெற்பயிரை அறுத்து அழிக்கும் எலிகளை இரவெல்லாம் வேட்டையாடும் பறவையை அஞ்சுவது நன்றி மறந்த செயல். உழவர் சிலர் அது வந்து அமர்வதற்கென்றே வயலில் குச்சிகளை நட்டு வைக்கின்றனர். திருக்குறளில் காலமறிதல் என்னும் அதிகாரம், பகற்பொழுதில் காக்கைக்குத் தோற்கும் கூகையைக் காட்டியே தொடங்குகிறது. இரவிலோ, காலத்தை அதனினும் நுட்பமாக அறியும் உயிர் அரிது.

முழு இருளிலும் கூகை எலியைப் பிடிக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரோஜர் பேன் என்பார், ஒளி சிறிதும் புகாத அறையின் தரையில் சருகுகளைப் பரப்பி எலியை ஓடவிட்டார். சருகின் சலசலப்பு ஒன்றையே துணையாகக்கொண்டு கூகை பாய்ந்து அதனைப் பற்றியது. எலிக்குப் பதிலாகக் காகிதச் சுருளைச் சருகின்மேல் இழுத்தபோது அச்சுருளின்மீதே பாய்ந்தது. ஆகவே மணமோ உடல் வெப்பமோ அதற்கு வழி காட்டவில்லை என்பது உறுதியாயிற்று.

ஒலி வலப்பக்கத்திலிருந்து வருமாயின் அது வலச் செவியை முன்னும் இடச் செவியைப் பின்னும் அடைகிறது. மனிதத் தலையில் இவ்விடைவெளி, ஒலி நேர் பக்கவாட்டில் எழும்போதும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. கூகையின் சிறிய தலையில் அது நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. ஒரு நரம்புத் துடிப்பு எழுந்து அடங்குவதற்கே ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. முழக்கோலால் மயிரிழையின் பருமனை அளப்பது போன்ற இந்தச் செயல் எங்ஙனம் கைகூடுகிறது?

1948இல் லாயிட் ஜெப்ரஸ் என்னும் உளவியல் அறிஞர் இதற்கு ஒரு வழியைச் சிந்தித்துரைத்தார். அதனை விளங்கிக்கொள்ளத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து ஒருவரும், திருவரங்கத்து இராசகோபுரத்தின் கீழிருந்து மற்றொருவரும் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் எதிரெதிரே நடப்பதாகக் கொள்வோம். இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் வழியின் நடுவில் சந்திப்பர். மலைக்கோட்டையார் சற்றுப் பிந்திப் புறப்பட்டால், சந்திக்கும் இடம் மலைக்கோட்டைப் பக்கமாக நகரும். வழிநெடுகக் கடைக்காரர்கள் அமர்ந்திருக்கின்றனர். எவரிடமும் கடிகாரம் இல்லை. தன் கடை வாயிலில் இருவரும் எதிர்ப்பட்டால் மட்டும் ஒரு கடைக்காரர் மணி அடிப்பார். எந்தக் கடையில் மணி ஒலித்தது என்பதைக் கேட்டாலே, யார் எவ்வளவு பிந்திப் புறப்பட்டார் என்பது தெரிந்துவிடும். காலம் இடமாக மாறிவிடுகிறது!

கூகையின் மூளையில் இந்தச் சாலையையும் கடைகளையும் கண்ணாற் கண்டவர் கேதரின் கார், மசகாசு கொனிஷி என்னும் இருவர். கொனிஷி ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்து, அமெரிக்காவின் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். 1988இலும் 1990இலும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளின்படி, மூளைத் தண்டின் ஒரு சிறு பகுதியில், ஒரு செவியிலிருந்து வரும் இழைகள் மேலிருந்தும், மறு செவியிலிருந்து வருபவை கீழிருந்தும் நுழைகின்றன. இடையில் நிற்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றும், இருபுறத்துத் துடிப்புகளும் ஒருங்கே வந்தடையும்போது மிகுதியாகக் கிளர்கின்றன. இழையின் நீளம் இங்கு வீணான சுற்றுவழியன்று; வேண்டிய அளவு தாமதத்தை உண்டாக்கும் கருவியே அது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. இத்தகைய நுண்ணளவுகளை அமைத்து வைத்தது யார்? கூகைக் குஞ்சு முட்டையினின்று வெளிவரும்போது அதன் தலை சிறியது. வாரந்தோறும் அது வளர்கிறது. செவிகளுக்கிடையே உள்ள தொலைவும் வளர்கிறது. முகத்தைச் சுற்றிலும் ஒலியைத் திரட்டித் தரும் இறகு வட்டம் பின்னரே நிரம்புகிறது. பிறவியிலேயே அளவெடுத்துத் தைத்த சட்டை இத்தகைய குஞ்சுக்குப் பொருந்தாதன்றோ?

1996இல் ஜெர்மனி நாட்டில் கெர்ஸ்ட்னர், கெம்ப்டர், வான் ஹெம்மன், வாக்னர் என்போர் கணக்கியல் முறையில் இதற்கு ஒரு விடை கண்டனர். தொடக்கத்தில் ஒரு நரம்பணுவை வந்தடையும் இழைகள் பலவாம். அவற்றின் தாமதங்களும் பலவாம். சில இழைகளின் துடிப்புகள் தற்செயலாக ஒருங்கே வந்து சேர, அந்த அணு கிளர்கிறது. கிளர்ச்சிக்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்த இழைகளின் இணைப்பு வலுப்பெறுகிறது. பிந்தி வந்தவற்றின் இணைப்போ மெலிகிறது. இது மீள மீள நிகழ, காலந்தவறி இழுப்பவர் கையினின்று வடம் சிறிது சிறிதாக நழுவிவிடுகிறது. காலம் ஒத்து இழுப்பவரே எஞ்சுகின்றனர். ஒருங்கே கிளரும் நரம்பணுக்களின் பிணைப்பு உறுதிப்படும் என்று கனடா நாட்டு அறிஞர் டொனால்டு ஹெப் 1949இலேயே கூறியிருந்தார். ஜெர்மானியர் காட்டிய புதுமை யாதெனில், அந்த ஒருங்கு என்பதன் அளவு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மிகக் குறுகியதாய் இருக்கக் கூடும் என்பதே. கற்றல் எனின் இணைப்பை வலுப்படுத்துதல் என்று மட்டும் எண்ணியிருந்தோர்க்கு, உரிய தாமதத்தைத் தேர்ந்தெடுத்தலும் கற்றலே என்பது புலனாயிற்று.

தாமதங்களுள் உரியதைத் தேர்தல் ஒரு வழி. இருக்கும் இழையின் வேகத்தையே மாற்றுதல் மற்றொரு வழி. இயற்கை இவ்விரண்டாவது வழியையும் விட்டுவைக்கவில்லை.

நரம்பிழைகள் பலவற்றின்மீது மயலின் எனப்படும் கொழுப்பு மிகுந்த உறை சுற்றப்பட்டிருக்கிறது. அவ்வுறை தொடர்ச்சியானதன்று; இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றைப் பிரெஞ்சு நாட்டு ரான்வியே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்கினார். உறையில்லா இழையில் துடிப்பு ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாக எழுந்தெழுந்து செல்ல வேண்டும். சிற்றூர் நிலையம் ஒன்றையும் விடாமல் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டியைப் போன்றது அது. அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. உறையுள்ள இழையிலோ துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்கிறது. திருச்சிராப்பள்ளியில் புறப்பட்ட விரைவு வண்டி சிறு நிலையங்களை எல்லாம் கடந்து பெரிய ஊர்களில் மட்டும் நிற்பதற்கு இது ஒப்பாகும். பருத்த, நன்கு உறையிட்ட இழைகளில் வேகம் நொடிக்கு நூறு மீட்டரையும் விஞ்சும். உறை தடிப்பாயினும் மெலியினும், இடைவெளிகளின் அகலம் சிறிது மாறினும், செய்தி வந்து சேரும் காலம் மாறிவிடும்.

இவ்வுறையை மூளையில் உண்டாக்கும் அணுக்களுக்கு ஆலிகோடென்ட்ரோசைட்டு என்று பெயர். அவை வெறும் போர்வை நெய்வோர் என்றே நெடுநாள் கருதப்பட்டு வந்தன. 2014இல் லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று அவற்றின் பெருமையை உயர்த்தியது. படிகள் சீரற்ற இடைவெளிகளில் அமைந்த ஒரு சுழல் சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டனர். கால் வைக்கும் காலத்தைக் கற்றாலொழிய அச்சக்கரத்தில் விரைந்து ஓட முடியாது. புதிய உறையணுக்கள் தோன்றாவாறு தடுக்கப்பெற்ற எலிகள் அந்த ஓட்டத்தை மற்றவற்றைப் போலக் கற்கவில்லை. ஆனால் முன்னரே கற்றுவிட்டபின் தடுக்கப்பெற்ற எலிகள் குறையேதுமின்றி ஓடின. எனவே புதிய உறை வேண்டப்படுவது ஓடுவதற்கு அன்று, ஓடக் கற்பதற்கு என்பது விளங்கியது. 2005இல் ஸ்வீடன் நாட்டில் பியானோ இசைவாணர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, இளமையில் மிகுதியாகப் பயின்றவரிடம் கைகளை இயக்கும் நரம்புப் பாதையின் அமைப்புச் செறிந்திருக்கக் கண்டனர். பயிற்சியால் பாதை செறிந்ததோ, செறிந்த பாதை உடையவர் மிகுதியாகப் பயின்றனரோ என்று அந்த ஒரு படத்தைக்கொண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது. எலிகளின் சான்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே அது வலிமை பெறுகிறது.

பியானோவைக் காணாத மாணவரும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் மிருதங்கத்தைக் கண்டிருப்பர். திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி. வி. இராமன் அக்கருவியின் தோலை ஆராய்ந்து, அதன் நடுவில் இடப்படும் கருநிறப் பூச்சினால் மேற்சுரங்கள் இசைவுற்று ஒலிப்பதை விளக்கினார். அஃது இசையின் ஒரு பாதி. மறு பாதி வாசிப்பவரின் காலக்கணக்கில் அடங்கியுள்ளது. பயிலும் சிறுவன் சொற்கட்டை வாயாற் சொல்லிக்கொண்டே கையால் வாசிக்கிறான். மூளையிலிருந்து நாவுக்குச் செல்லும் பாதை குறுகியது. விரலுக்குச் செல்வதோ நெடியது. கட்டளைகள் இரண்டும் ஒரே கணத்தில் புறப்படுமாயின், கை நாவைவிட நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவு பிந்திவிடும். தேர்ந்தவர் வாசிப்பிலோ சொல்லும் அடியும் ஒன்றியே விழுகின்றன. அந்தப் பொருத்தத்தை ஆசிரியரால் எழுதிக் கொடுக்க இயலாது. கையைத் திருத்துவார், மீண்டும் வாசி என்பார், அவ்வளவே. இலால்குடியை அடுத்த பூவாளூரில் 1942இல் பிறந்த திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் இவ்வாறு பயின்று, பதின்மூன்றாம் அகவையிலேயே அரங்கேறினார். 1971 முதல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக் கழகத்தில் அயல்நாட்டு மாணவர்க்கும் அதே காலக்கணக்கைக் கற்பித்தார்.

உறையின் அருமை, அது கெடும்போது நன்கு தெரிகிறது. பல்லிடத் தடிப்பு நோய் என்னும் நோயில் உடலின் காப்புப் படையே மயலின் உறையைப் பகையென மயங்கித் தாக்குகிறது. இழை அறுபடாத இடத்திலும் செய்தி பிந்துகிறது. சில வேளைகளில் நின்றே போகிறது. கண்ணெதிரே கட்டங்கள் மாறும் திரையொன்றை நோக்கச் செய்து, அச்செய்தி தலையின் பின்புறத்து மூளையை எட்டும் நேரத்தை மருத்துவர் அளக்கின்றனர். பார்வை நரம்பு இந்நோயால் தாக்குண்டவர்க்கு அந்நேரம் நீண்டிருக்கும். நொடியில் நூற்றில் சில பங்கு தாமதம் ஒரு மனிதரின் நடையைத் தளரச் செய்யவும், பார்வையை மங்கச் செய்யவும் போதுமானது. மூளைக்குச் செய்தி வருவது போலவே, அது வரும் காலமும் இன்றியமையாதது.

உறையிடும் பணி மனிதர்க்கு இருபது அகவையைக் கடந்தும் நீடிக்கிறது. பள்ளி மாணவரின் மூளை இன்னும் தண்டவாளம் இட்டுக்கொண்டிருக்கும் இருப்புப்பாதை. அவ்வாறாயின், இளமை கழிந்தவர் கற்பதற்கு வழியில்லையோ? இவ்வினாவையும் கூகையிடமே கேட்டனர்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் எரிக் நூட்சன் இளங் கூகைகளின் ஒரு செவியை அடைத்து வைத்தார். அவை முதலில் ஒலி எழும் திசையைப் பிழையாக அறிந்தன. சில வாரங்களில் பிழையைத் திருத்திக்கொண்டன. அடைப்பை நீக்கியதும் எதிர்ப்புறமாகப் பிழைத்து, அதனையும் நாளடைவில் திருத்திக்கொண்டன. ஏறத்தாழ இரண்டு திங்கள் வயதைக் கடந்தபின் செவி அடைக்கப்பெற்ற கூகைகளோ திருந்தவில்லை. பின்னர், காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடிகளைக் கூகைகளுக்கு அணிவித்தார். இளங் கூகைகளின் நடுமூளையில் ஒலித் திசையைக் குறிக்கும் வரைபடம், கண் காட்டிய பிழைக்கு ஏற்பத் தானும் நகர்ந்தது. இந்த மாற்றம் முன்னர்க் கூறிய தாமத இழைகளில் நிகழ்ந்ததன்று. அவற்றின் செய்தியைப் பெறும் மேற்படியில், புதிய இழைகள் கிளைத்து நிகழ்ந்தது. முதிர்ந்த கூகைகளிடம் அம்மாற்றம் மிகச் சிறிதே காணப்பட்டது.

முதுமையில் கல்வி ஏறாது என்று முடிவு கட்டிவிட அதுவே போதுமானதாய்த் தோன்றியது. நூட்சன் குழுவினர் அங்ஙனம் முடிவு கட்டவில்லை. காட்சியை ஒரே முறையில் வெகுதூரம் நகர்த்தாமல், சிறிய விலக்கமுடைய கண்ணாடியை முதலில் அணிவித்து, அது பழகியபின் சற்றே பெரியதை அணிவித்துப் படிப்படியாகச் சென்றனர். 2002இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, முதிர்ந்த கூகைகளும் இம்முறையில் முன்னினும் மிகுதியாகக் கற்றன. மூன்று ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு செய்தி வெளிவந்தது. ஒரே வகைக் கண்ணாடி அணிந்த முதிர்ந்த கூகைகளுள் சிலவற்றுக்கு இறந்த எலிகள் உணவாக இடப்பட்டன. சில, உயிருடன் ஓடும் எலிகளைத் தாமே வேட்டையாடி உண்ணுமாறு விடப்பட்டன. முன்னவற்றின் மூளை வரைபடம் சிறிதே அசைந்தது. மங்கிய ஒளியில் சலசலப்பைக் கேட்டு, பாய்ந்து, தவறி, மீண்டும் பாய்ந்து இரையைப் பிடித்த கூகைகளின் வரைபடமோ பன்மடங்கு நகர்ந்திருந்தது.